ஐந்து பட்டை வெண்டைக்காய்

மைசூரு, விஜயநகர்
14 ஜூன் 2024

அன்பு மகள் சக்திக்கு அப்பா செல்லக்கண்ணு எழுதுவது.

நான் சுகம். நீயும் மாப்பிள்ளை முனிராஜும் சம்பந்தியம்மாவும் மலை மேல் சுகமாக இருக்க மாதேஸ்வரனை வேண்டிக்கொள்கிறேன்.

உன் கடிதத்தை கேட் பக்கத்திலேயே நின்று பிரித்தேன். நாலு மாதம் என்று நீ எழுதிய இடம் வந்ததும் மறுபடி முதல் வரிக்குப் போய்விட்டேன். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து வந்த சேதியை ஒரே தடவையில் படித்து முடிக்க மனசு வரவில்லை. நான் வேலை பார்க்கிற வீட்டு வாமன் ஐயா என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், நோட்டில் "கெட்ட சேதியா?" என்று எழுதிக் காட்டினார். நான் சிரித்ததும்தான் உள்ளே போனார். பத்து நிமிஷம் கழித்து வீட்டு அம்மாவும் ஐயாவுமாக மைசூர்பாகு கொண்டுவந்து கொடுத்தார்கள்.

உனக்கு வேறெதுவும் வயிற்றில் தங்காமல் வெண்டைக்காய் மட்டும் தங்குகிறது என்று எழுதியிருந்தாய். இதைவிட எனக்கு என்ன வேண்டும்? வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் நாற்பது செடி நிற்கிறது. இரண்டு நாளைக்கு ஒருதரம் பறிக்கிறேன். சனிக்கிழமை தோறும் பூ ஏற்றிக்கொண்டு மலைக்கு வருகிற சித்தையன் வேனில் ஒரு பை அனுப்புகிறேன். மாப்பிள்ளை கடையில் இறக்கிவிடச் சொல்லியிருக்கிறேன்.

போனில் கூப்பிடாதே கண்ணு. கல் அறுக்கிற மிஷின் பக்கத்தில் இருபத்திரண்டு வருஷம் நின்றதில் காது அநேகமாகப் போய்விட்டது, இடது காதில் கத்தினால் மட்டும் கொஞ்சம் கேட்கும். நீ பேசுவது தெரியாமல் "சரி சரி" என்று சொல்லிவிட்டு வைக்க எனக்கே வெட்கமாக இருக்கிறது. எழுது.

உன் நலம் கேட்கும் அப்பா,
செல்லக்கண்ணு


மாதேஸ்வரன் மலை
28 ஜூன் 2024

அன்புள்ள அப்பாவுக்கு சக்தி வணக்கம்.

இங்கே எல்லாரும் நலம். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

பை வந்தது. சித்தையண்ணன் வேனை நிறுத்தின சத்தம் கேட்டதும் நானே கடைக்கு ஓடினேன். அத்தை பின்னாலேயே, "ஏனம்மிணி, இப்பிடி ஓடுனா ஆகுமா? காய் எங்க போயிரப்போகுது?" என்று கத்திக்கொண்டு வந்தார்கள். பிஞ்சு ஒன்றைக் கழுவக்கூடச் செய்யாமல் பச்சையாகவே கடித்தேன். சுணை உதட்டில் அரித்தது. இரண்டு மாதமாகத் தண்ணீர் குடித்தாலும் வெளியே வந்துகொண்டிருந்த எனக்கு அது அப்படியே இறங்கியது அப்பா.

இங்கே சந்தையில் கிடைக்கிற காய் கரும்பச்சையாக, ஐந்து பட்டையோடு இருக்கும். நம்முடையது வெளுத்து, எட்டுப் பட்டை. அத்தைக்கு அதை நம்ப முடியவில்லை. ஒன்றைக் குறுக்கே நறுக்கி வைத்து விரல் விட்டு எண்ணினார்கள்.

அவர் உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார். கடைக்கு வருகிற பக்தர்கள் எல்லாரிடமும் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. ஐந்து மாதம் தாண்டட்டும் என்று அத்தை அடக்கி வைத்திருக்கிறார்கள்.

உங்கள் மகள்,
சக்தி


மைசூரு
20 ஜூலை 2024

அன்பு மகள் சக்திக்கு,

நலம். நலம் அறிய ஆவல். ஐந்து மாதம் தாண்டிவிட்டதா? இனி மாப்பிள்ளையை அவிழ்த்து விடலாம்.

இங்கே ஒரு வாரமாகத் தூறல். வெண்டைக்கு அளவான தண்ணீர் போதும், வேரில் நின்றால் வாடிவிடும். அதனால் பாத்தியில் வாய்க்கால் வெட்டினேன். நாலு செடியில் இலை நரம்பு மஞ்சளாகிவிட்டது. மற்றதுக்குப் பரவுமுன் பிடுங்கி எரித்தேன். காலையில் பூ விரிகிற நேரத்துக்கு நீ பார்க்க வேண்டும். மஞ்சள் பூ, நடுவில் பீட்ரூட் சாறு ஊற்றினது போல. மத்தியானத்துக்குள் சுருண்டுவிடும். வாமன் ஐயா தினமும் வாக்கிங் முடிந்து மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு பார்ப்பார். அவர்கள் வீட்டில் புளியும் வெல்லமும் போட்டு கொஜ்ஜு செய்கிறார்கள். எனக்கும் ஒரு கிண்ணம் வருகிறது.

காயை நறுக்குமுன் துணியால் நன்றாகத் துடை. ஈரம் இருந்தால் கொழகொழத்துவிடும். உன் அம்மா வதக்கும்போது ஒரு கரண்டி மோர் விடுவாள். அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது. உன் சேதியைக் கேட்க அவள் இருந்திருக்கலாம்.

வளைகாப்பு எப்போது என்று சம்பந்தியம்மாவைக் கேட்டு எழுது. ஐயாவிடம் முன்கூட்டியே லீவு சொல்ல வேண்டும்.

ஆசிகளுடன்,
அப்பா


மாதேஸ்வரன் மலை
16 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் கை மூட்டு வலி எப்படி இருக்கிறது?

வளைகாப்பு செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. ஆவணி கடைசி. நீங்கள் முந்தின நாளே சித்தையண்ணன் வேனில் வந்துவிடுங்கள். ஏழு வகைச் சோறு கட்ட வேண்டும், அப்பா வீட்டுச் சீராக வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு ஒன்று என்று அத்தை முடிவு செய்துவிட்டார்கள். ஊரில் யாரும் இப்படிச் சீர் கேட்டதில்லை என்று அவர் சிரிக்கிறார்.

அப்பா, குழந்தை உதைக்கிறது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வலப்பக்கம் ஆரம்பிக்கிறது. நேற்று அவர் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "கோயில்ல தேரு இழுக்கற மாதிரி இருக்குது" என்றார். கொள்ளேகால் டாக்டரம்மா எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள்.

ஒரு பெயர் யோசித்து வைத்திருக்கிறேன். பிறந்த பிறகுதான் சொல்வேன்.

உங்கள் மகள்,
சக்தி


மாதேஸ்வரன் மலை
10 செப்டம்பர் 2024

அப்பாவுக்கு,

வணக்கம். நலமா?

அவருடைய பெரியப்பா முறை ஒருவர் தவறிவிட்டார். தீட்டு. வளைகாப்பைத் தள்ளி வைத்திருக்கிறோம். நீங்கள் வர வேண்டாம். புரட்டாசியில் செய்யும் வழக்கம் இங்கே இல்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான் நன்றாக இருக்கிறேன்.

சக்தி


மைசூரு
22 செப்டம்பர் 2024

அன்பு மகள் சக்திக்கு,

நான் சுகம். சாவு வீட்டு அலைச்சலில் உன் உடம்பு கெடாமல் பார்த்துக்கொள்.

தள்ளிப்போனால் என்ன? ஐப்பசியில் வைத்துக்கொள்ளலாம். நானும் அதற்குள் என் பழைய வேட்டிகளைத் துவைத்து, சதுரமாகக் கிழித்து, ஓரம் தைத்து வைக்கிறேன். குழந்தையைச் சுற்ற நைந்த துணி மாதிரி எதுவும் வராது. பதினெட்டு ஆகியிருக்கிறது. வாமன் ஐயா வீட்டு அம்மா தையல் மிஷினில் நாலு துணி தைத்துக் கொடுத்தார்கள். என் கைத்தையலைப் பார்த்துச் சிரித்தார்கள்.

தோட்டம் நன்றாக இருக்கிறது. போன இரண்டு வாரமாக அனுப்பின காய் கொஞ்சம் கறுத்து இருந்திருக்கும். மழை அதிகம், அதனால்தான். நீ கவலைப்படாதே. சனிக்கிழமை பை தவறாது.

உதைக்கிறதா? எந்தப் பக்கம் என்று எழுது.

அப்பா


மைசூரு
12 அக்டோபர் 2024

அன்பு மகள் சக்திக்கு,

நான் எழுதி மூன்று வாரம் ஆகிறது, உன் பதில் இல்லை. உடம்புக்கு என்ன?

இன்று தசரா ஊர்வலம். விஜயநகரில் ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. நான் கேட்டை விட்டு நகரவில்லை, தபால்காரர் வருவாரோ என்று. விடுமுறை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

சித்தையனிடம் உன்னைப் பார்த்தாயா என்று கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் குனிந்து பூக்கூடையைக் கட்டிக்கொண்டே என்னவோ சொன்னான். உதடு தெரியாமல் பேசினால் எனக்கு எப்படிப் புரியும்? தோளைத் திருப்பினேன். "நல்லா இருக்குதுங்க" என்றான். ஆனால் கண் நிமிரவில்லை.

ஒரு வரி எழுது. கை வலித்தால் மாப்பிள்ளையை எழுதச் சொல்.

அப்பா


மாதேஸ்வரன் மலை
19 அக்டோபர் 2024

மாமா அவர்களுக்கு மருமகன் முனிராஜ் வணக்கம்.

இதைப் படிக்குமுன் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

குழந்தை தங்கவில்லை மாமா. செப்டம்பர் ஐந்தாம் தேதி காலையிலிருந்து அசைவில்லை என்று சக்தி சொன்னாள். உடனே கொள்ளேகாலுக்குக் கூட்டிப் போனேன். துடிப்பு நின்று ஒரு நாள் ஆகியிருக்கும் என்றார்கள். மறுநாள் சுகப்பிரசவமாகவே எடுத்தார்கள். நான்தான் துணியில் வாங்கினேன். நான்தான் புதைத்தேன். பெரியப்பா யாரும் சாகவில்லை. உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று சக்தி என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். "அப்பா இத்தனை வருஷத்துக்கு அப்புறம் இப்பத்தானுங்க சிரிக்கறாரு, இன்னும் கொஞ்ச நாள் சிரிக்கட்டும்" என்றாள். உங்கள் கடைசிக் கடிதத்தைப் படித்த பிறகு என்னால் முடியவில்லை.

அவள் உடம்பு தேறிவிட்டது. பேச்சுதான் குறைந்துவிட்டது. பிறக்காத பிள்ளைக்கு அழுதால் அடுத்தது தங்காது என்று அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. மகாளய அமாவாசைக் கூட்டத்தில் கடையில் நின்று விபூதிப் பொட்டலம் கட்டினாள். குழந்தைக்கு விளையாட்டுச் சாமான் கேட்டவர்களுக்கு அவளே எடுத்தும் கொடுத்தாள். என்னால் பார்க்க முடியாமல் பின்பக்கம் போய்விட்டேன்.

நீங்கள் அனுப்பும் காயை அவள் சமைப்பதும் இல்லை, வீசவும் விடுவதில்லை. மோரில் ஊறப்போட்டு, கூரை மேல் வத்தலாகக் காய வைக்கிறாள். டின் நிறைந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முதல் கறுத்த காய் வந்த அன்றே நறுக்கிப் பார்த்துவிட்டு, "அஞ்சு பட்டைங்க. இது அப்பா காயில்ல. தோட்டம் போயிருச்சாட்ட இருக்குது, நமக்குத் தெரியக் கூடாதுன்னு கடையில வாங்கி அனுப்பறாரு" என்றாள். சித்தையனிடம், எங்கள் சேதியை உங்களிடம் சொல்லாதே என்று கேட்டபோது அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "உங்க மாமனாரும் ஒண்ணச் சொல்லாதேன்னு எங்கிட்டச் சொல்லியிருக்காருங்க. நான் எத்தனையத்தான் சொமக்கட்டும்?" என்று கேட்டான்.

மன்னியுங்கள் மாமா.

முனிராஜ்


மைசூரு
27 அக்டோபர் 2024

கண்ணு சக்திக்கு,

மாப்பிள்ளை எழுதினதைப் படித்தேன். நாலைந்து நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைத்துவிட்டேன். நீ சாப்பிட்டாயா என்று கேட்கத் தோன்றுகிறது. வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

நீ சொன்னது சரிதான். தோட்டம் இல்லை. மனைக்காரர் வீடு கட்டுகிறார். அவர் இடம், அவர் கட்டுகிறார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அறுவடை முடியட்டும் என்று சொல்லியிருந்தவர், ஆள் கிடைத்ததும் செப்டம்பர் மூன்றாம் தேதியே ஜேசிபியை அனுப்பிவிட்டார். நான் வீட்டின் முன்பக்கம் குரோட்டன்ஸுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவு பெரிய வண்டி பின்னால் வந்து, மிச்சமிருந்த முப்பத்தாறு செடியையும் புரட்டிப்போட்டு, மண்ணைச் சமன் பண்ணிக்கொண்டிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. கால் அதிர்ந்தபோதுதான் திரும்பினேன். வாமன் ஐயா ஓடிவந்து கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அதற்குள் முடிந்துவிட்டது.

உனக்கு இறங்குகிற ஒரே சாப்பாடு அதுதான் என்று நீ எழுதியிருந்தாய். அதனால் சொல்லவில்லை. சனிக்கிழமை விடியலில் மார்க்கெட்டுக்குப் போய், நுனி ஒடித்துப் பார்த்துப் பார்த்துப் பிஞ்சாகவே பொறுக்குவேன். எட்டுப் பட்டை எங்குமே கிடைக்கவில்லை. நீ எண்ண மாட்டாய் என்று நினைத்தேன்.

நான் உதைக்கிறதா என்று கேட்டு எழுதின நாளில் உனக்கு எப்படி இருந்திருக்கும்? அந்தக் கடிதத்தை எரித்துவிடு அம்மா.

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அப்பா


மாதேஸ்வரன் மலை
6 நவம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். தீபாவளிக் கூட்டம் இப்போதுதான் இறங்கியது. உங்கள் கடிதம் எதையும் எரிக்கவில்லை, எரிக்கவும் மாட்டேன்.

உங்களுக்குச் சொன்னேன் அப்பா.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள், அத்தை கோயிலுக்குப் போயிருந்தார்கள். அவர் கடையில். நான் உங்களுக்குப் போன் போட்டேன். எடுத்து, "ஆங், சக்தியா, சொல்லு சாமி" என்றீர்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். எப்போது அசைவு நின்றது, ஆஸ்பத்திரியில் எத்தனை மணி நேரம், கையில் கொடுத்தபோது எப்படி இருந்தது, எல்லாம். யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். உங்களுக்குக் கேட்காது என்று தெரிந்துதான் சொன்னேன். நடுவில் நீங்கள், "இங்க மழைதான், அங்க எப்பிடி?" என்றீர்கள். நான் நிறுத்தவில்லை. கடைசியில், "சரி சரி, ஒடம்பப் பாத்துக்க, வெச்சிடட்டுமா?" என்று வைத்துவிட்டீர்கள்.

நான்கு நிமிஷம். அதற்கு அப்புறம் ஒருத்தரிடமும் நான் அதைப் பற்றிப் பேசவில்லை. இப்போது எழுதலாம் என்று உட்கார்ந்தால் அது எழுத்தில் வரவில்லை. கேட்காதீர்கள்.

சக்தி


மைசூரு
11 நவம்பர் 2024

கண்ணு,

நீ கூப்பிட்டது நினைவிருக்கிறது. திரையில் உன் பெயர் வந்ததே போதும் என்று சந்தோஷமாக இருந்தேன். அன்று ராத்திரி ஐயாவிடம், "பொண்ணு போன் போட்டுச்சுங்க" என்று பெருமையாகச் சொல்லவும் செய்தேன். என் செவிட்டுக் காதை இதுவரை நான் திட்டினதில்லை. இப்போது திட்டுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, பதினேழாம் தேதி, முதல் பஸ்ஸில் வருகிறேன். காய் கொண்டுவரவில்லை. வெறுங்கையோடு வருகிறேன். நீ எதிரே உட்கார்ந்து அன்று சொன்னதை மறுபடி சொல்லு. மெதுவாகச் சொல்லு. நான் உன் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

அப்பா


மாதேஸ்வரன் மலை
20 நவம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? மலைப்பாதை வளைவில் உங்களுக்குக் குமட்டுமே என்று பஸ் கண்ணுக்கு மறைகிறவரை நினைத்துக்கொண்டே நின்றேன்.

இன்றுதான் டாக்டரம்மா பிரசவத்துக்குக் குறித்துக் கொடுத்த நாள். காலையிலிருந்து எல்லாரும் என்னைச் சுற்றியே நடமாடினார்கள், ஒன்றும் சொல்லாமல். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

அன்றைக்கு நான் மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். நீங்கள் என் உதட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆனால் அழுகிற உதடு உங்களுக்குப் புரியவில்லை. "கேக்கலைடா சாமி, சத்தமாச் சொல்லு" என்று இடது காதைக் கொண்டுவந்து என் வாயருகில் வைத்தீர்கள். கதவு திறந்திருந்தது. தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அத்தை அடுப்படியில் இருந்தார்கள். இரண்டு மாதமாக இந்த வீட்டில் முணுமுணுக்கக்கூடாத ஒன்றை எப்படிக் கத்துவது?

"என்ன கொழந்த?" என்று கேட்டீர்கள். உங்களுக்கு உங்கள் குரலின் அளவு தெரியாது. அது தெரு முழுக்கக் கேட்டது. யாருமே என்னை அதைக் கேட்கவில்லை அப்பா.

"பொண்ணுப்பா!" என்று கத்தினேன். "பொண்ணு! தலை நெறைய முடி! நெகமெல்லாம் மொளச்சிருந்துச்சு! மனிஷான்னு பேரு வெச்சிருந்தேன்!"

கத்த ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. அவர் கடையைப் போட்டது போட்டபடி ஓடிவந்தார். வாசலில் நாலு பேர் கூடிவிட்டார்கள். நீங்கள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி, "ஆமா, ஆமா" என்றீர்கள். கேட்காதபோது, "மறுக்காச் சொல்லு" என்றீர்கள். நான் மறுக்காவும் சொன்னேன்.

அப்போதுதான் அத்தை அடுப்படியிலிருந்து வந்தார்கள். என்னை அடக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். கைகூட ஈரம். உங்கள் எதிரே தரையில் உட்கார்ந்து என்னவோ சொன்னார்கள். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. நீங்கள் வழக்கம்போல, "கேக்கலைங்க, சத்தமாச் சொல்லுங்க" என்றீர்கள்.

அத்தை அவரைப் பார்த்தார்கள். வாசலில் நின்றவர்களைப் பார்த்தார்கள். பிறகு உங்கள் காதருகில் குனிந்து, நாச்சம்மாள் என்று தன் பேரைச் சொன்னாலே ஊரே அடங்குகிற அந்தக் குரலில் கத்தினார்கள்:

"எனக்குப் பையனுங்! முனிராசுக்கு மூத்தவன்! முப்பத்தெட்டு வருசமாச்சுங்! அழாதேன்னுட்டாங்க!"

அவர் அப்படியே நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். தனக்கு ஓர் அண்ணன் இருந்தது அவருக்கு அன்றுதான் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அப்பா. இந்தக் கடிதத்தை நான் எழுத எழுத அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்களைக் கேட்டதாக எழுதச் சொன்னார்கள்.

உங்கள் மகள்,
சக்தி